கைகளைக் கழுவச் சொன்ன மருத்துவர்



நோயுற்றவர்களைப் பார்க்க மருத்துவமனைக்குச் செல்லும்போது, வாசலில் வைத்திருக்கும் கிருமிநாசினியை எடுத்துக் கைகளில் தேய்த்துக்கொள்கிறோம். கொரோனா பெருந்தொற்றுக்குப் பின் இது சிறு பிள்ளைகளுக்கும் பழகிப்போன ஒன்று. ஆனால், மருத்துவர் தம் கைகளைச் சுத்தம் செய்த பிறகே நோயாளியைத் தொட வேண்டும் என்று சொன்னதற்காக, ஒரு மருத்துவர் எதிர்ப்பையும் ஏளனத்தையும் சந்தித்தார். இறுதியில் மனம் உடைந்து, தனிமையில் இறந்தார். அவர் பெயர் இக்னாஸ் செம்மல்வைஸ். தாய்மார்களைக் காத்தவர் என்று இன்று உலகம் போற்றும் அந்த மனிதரின் வாழ்வை நாம் சற்றுச் சிந்திப்போம்.

1818ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள், இன்றைய ஹங்கேரித் தலைநகர் புடாபெஸ்ட்டின் ஒரு பகுதியான புடாவில், மளிகை வணிகக் குடும்பம் ஒன்றில் செம்மல்வைஸ் பிறந்தார். பத்துப் பிள்ளைகளில் அவர் ஐந்தாமவர். 1837ஆம் ஆண்டு சட்டம் படிப்பதற்காக வியன்னா சென்றவர், மறு ஆண்டே மருத்துவப் படிப்புக்கு மாறினார். 1844இல் மருத்துவப் பட்டம் பெற்று, மகப்பேற்று மருத்துவத்தைத் தம் துறையாக ஏற்றுக்கொண்டார். 1846ஆம் ஆண்டு ஜூலையில், வியன்னா பொது மருத்துவமனையின் முதல் மகப்பேற்றுப் பிரிவில், பேராசிரியர் யோகான் கிளைன் என்பவருக்கு உதவி மருத்துவராகப் பொறுப்பேற்றார். அப்போது அவருக்கு வயது 28.

அந்த மருத்துவமனை 1784ஆம் ஆண்டில், பேரரசர் இரண்டாம் ஜோசப் காலத்தில் திறக்கப்பட்டது. அதன் மகப்பேற்றுப் பிரிவில் ஏழைப் பெண்களும், மணமாகாமலேயே தாய்மையடைந்து ஒதுங்க இடமின்றித் தவித்த பெண்களும் கட்டணமின்றிச் சேர்த்துக்கொள்ளப்பட்டார்கள். அதற்கு ஈடாக, தங்களைப் பரிசோதித்து மாணவர்கள் தொழில் கற்றுக்கொள்ள அவர்கள் இசைய வேண்டும். 1840ஆம் ஆண்டுக்குப் பின், முதல் பிரிவு மருத்துவ மாணவர்களுக்கென்றும், இரண்டாம் பிரிவு பயிற்சி பெறும் மருத்துவச்சிகளுக்கென்றும் ஒதுக்கப்பட்டது. இன்று வருகிறவர்களுக்கு முதல் பிரிவு, நாளை வருகிறவர்களுக்கு இரண்டாம் பிரிவு என்று நாள் முறை வைத்துப் பெண்களைச் சேர்த்தார்கள்.

பேறு முடிந்து ஓரிரு நாள்களில் தாய்க்குக் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வரும். அடிவயிறு வீங்கி வலிக்கும். சில நாள்களில் உயிர் பிரியும். சில வேளைகளில் பிறந்த குழந்தையும் தாயோடு போய்விடும். பிரசவக் காய்ச்சல் என்ற இந்த நோய் அக்காலத்தில் ஐரோப்பிய மருத்துவமனைகள் எல்லாவற்றையும் அச்சுறுத்தியது. ஆனால் வியன்னாவில் ஒரு புதிர் இருந்தது. 1846ஆம் ஆண்டில் முதல் பிரிவில் பிள்ளை பெற்ற 4,010 பெண்களில் 459 பேர் இறந்தனர். இரண்டாம் பிரிவில் 3,754 பேரில் 105 பேர் இறந்தனர். அதாவது, மருத்துவர்கள் பார்த்த இடத்தில் நூற்றுக்குப் பதினொருவர். மருத்துவச்சிகள் பார்த்த இடத்தில் நூற்றுக்கு மூவருக்கும் குறைவு!

இந்தக் கணக்கு நகரத்துப் பெண்களுக்கும் தெரிந்திருந்தது. தங்களுக்கு முதல் பிரிவில்தான் இடம் என்று அறிந்ததும், வேண்டாம் என்று முழங்காலில் விழுந்து கெஞ்சியவர்கள் உண்டு. முறை மாறும்வரை காத்திருந்து, வழியிலேயே, தெருவிலேயே பிள்ளை பெற்றவர்களும் உண்டு. வியப்பு என்னவென்றால், தெருவில் பெற்றுவிட்டு உள்ளே வந்தவர்களுக்கு இந்தக் காய்ச்சல் அரிதாகவே வந்தது. பேரரசின் புகழ்பெற்ற மருத்துவமனையைவிடத் தெருவே ஒரு தாய்க்குப் பாதுகாப்பாக இருந்தது என்றால், அது எத்தகைய அவலம்!

மற்றவர்கள் இதை விதி என்று ஏற்றுக்கொண்டார்கள். செம்மல்வைஸால் முடியவில்லை. கெட்ட காற்றே காரணம் என்றனர் பெரியவர்கள். காற்று இரண்டு பிரிவுகளுக்கும் ஒன்றுதானே? கூட்ட நெரிசல் என்றனர். இரண்டாம் பிரிவிலோ நெரிசல் இன்னும் அதிகம். பெண்களைப் படுக்க வைக்கும் முறை வேறுபடுகிறது என்பதைக் கண்டு, அதையும் மாற்றிப் பார்த்தார். சாவு குறையவில்லை.

அருள்பணியாளர்களாகிய நம்மை நேரடியாகத் தொடும் ஒரு செய்தியும் இதில் உண்டு. சாகும் நிலையில் இருந்த பெண்களுக்கு இறுதி அருளடையாளங்களை வழங்க வந்த குருவானவர், முதல் பிரிவில் ஐந்து வார்டுகளைக் கடந்துதான் அவர்களை அடைய முடியும். முன்னே ஒருவர் மணியடித்துக்கொண்டே செல்வார். இன்னொருத்தி போகப்போகிறாள் என்பது படுத்திருந்த அத்தனை தாய்மாருக்கும் அந்த மணியோசையால் தெரிந்துவிடும். இரண்டாம் பிரிவிலோ குருவானவர் யார் கண்ணிலும் படாமல் நேரே நோயாளியிடம் போய்விட முடியும். அந்த அச்சமே நோயைத் தருகிறதோ என்று செம்மல்வைஸ் எண்ணினார். மணியின்றி, வேறு வழியாகச் சுற்றி வரும்படி குருவானவரை வேண்டினார். அவரும் அப்படியே செய்தார். ஆயினும் சாவு குறையவில்லை. காற்றையும் கட்டிலையும் மணியையும் சந்தேகித்துப் பார்த்தாயிற்று. யாரும் சந்தேகிக்காமல் விட்ட ஒன்று மட்டும் மீதி இருந்தது. அது மருத்துவரின் கை.

1847 மார்ச் மாதத்தில் செம்மல்வைஸ் வெனிஸ் நகரப் பயணத்திலிருந்து திரும்பியபோது ஒரு துயரச் செய்தி காத்திருந்தது. அவர் பெரிதும் மதித்த பேராசிரியர் யாக்கோப் கோலெட்ச்கா இறந்துவிட்டார். பிரேதப் பரிசோதனை ஒன்றின்போது மாணவர் ஒருவரின் கத்தி அவர் விரலில் பட்டது. அந்தச் சிறு காயத்திலிருந்து நோய் உடலெங்கும் பரவி அவர் உயிரைக் குடித்தது. அவருடைய பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளை வாசித்த செம்மல்வைஸ் திடுக்கிட்டார். இறந்துபோன நூற்றுக்கணக்கான தாய்மாரின் உடல்களில் தாம் கண்ட அதே அழிவுகள்! அப்படியானால் கோலெட்ச்காவைக் கொன்றதும் தாய்மாரைக் கொன்றதும் ஒன்றே. கோலெட்ச்காவின் உடலுக்குள் அது கத்தி முனையில் சென்றது. தாய்மாருக்குள் எப்படிச் சென்றது?

விடை எளிது, ஆனால் கொடியது. மருத்துவர்களும் மாணவர்களும் காலையில் பிணவறையில் உடல்களை அறுத்துப் பார்த்தார்கள். பிறகு கைகளைச் சோப்பால் பேருக்குக் கழுவிவிட்டு, பிண வாடை மாறாத அதே கைகளோடு மகப்பேற்று வார்டுக்கு வந்து தாய்மாரைப் பரிசோதித்தார்கள். மருத்துவச்சிகளுக்குப் பிணவறை வேலை கிடையாது. இரண்டு பிரிவுகளுக்கும் இருந்த வேறுபாடு இதுதான்.

இதில் மனத்தை உலுக்கும் ஒன்றைக் கவனிப்போம். மற்ற எவரையும்விட அதிகமாகப் பிணவறையில் உழைத்தவர் செம்மல்வைஸ்தான். சாவின் காரணத்தை எப்படியாவது கண்டுபிடித்துவிட வேண்டும் என்ற தவிப்பில், இறந்த பெண்களின் உடல்களைத் தினமும் காலையில் ஆராய்ந்தார். ஆராய்ந்துவிட்டு, உயிரோடிருந்த பெண்களிடம் வந்தார். இடையில் சில மாதங்கள் அவருடைய பதவியில் வேறொருவர் இருந்தார். அப்போது சாவு குறைந்திருந்தது. செம்மல்வைஸ் மீண்டும் பொறுப்பேற்ற பின், 1847 ஏப்ரலில், அது நூற்றுக்குப் பதினெட்டாக ஏறியது. எந்தத் தாய்மாருக்காக இரவும் பகலும் வருந்தினாரோ, அவர்களுக்கே தம் கையால் நோயைக் கொண்டுசென்றிருக்கிறார். நல்ல எண்ணம் இருந்தது. கைதான் சுத்தமாக இல்லை.

இந்த உண்மை தெரிந்தவுடன் அவர் என்ன செய்தார்? 1847 மே மாத நடுவில், மகப்பேற்று அறையின் வாசலில் குளோரின் கலந்த நீரை வைத்தார். கையிலிருந்து பிண வாடை முற்றிலும் நீங்கும்வரை அதில் கழுவிய பிறகே எவரும் உள்ளே வரலாம் என்று விதித்தார். அது விலை அதிகமாக இருந்ததால், சிறிது காலத்தில் குளோரின் ஏற்றிய சுண்ணாம்புக்கு மாறினார். நம் கிணறுகளில் இடுகிறோமே, சாக்கடை ஓரங்களில் தூவுகிறோமே, அந்த பிளீச்சிங் பவுடர்தான் அது. பலன் உடனே தெரிந்தது. ஏப்ரலில் 312 பெண்களில் 57 பேர் இறந்திருந்தனர். ஜூன் மாதத்தில் 268 பேரில் 6 பேர் மட்டுமே இறந்தனர். ஜூலையில் 250 பேரில் 3 பேர். 1848ஆம் ஆண்டு முழுவதிலும் 3,556 பேரில் 45 பேர். அந்த ஆண்டு மார்ச், ஆகஸ்ட் ஆகிய இரு மாதங்களில் ஒரு தாய்கூட இறக்கவில்லை.

அவர் தொடர்ந்து கற்றுக்கொண்டே இருந்தார். 1847 அக்டோபரில், கருப்பைப் புற்றுநோயால் சீழ் வடிந்துகொண்டிருந்த ஒரு பெண் வார்டின் முதல் கட்டிலில் இருந்தார். மருத்துவர்கள் அவரை முதலில் பரிசோதித்துவிட்டு, சோப்பால் மட்டும் கை கழுவி, அடுத்தடுத்த கட்டில்களுக்குச் சென்றனர். அவருக்குப் பின் பரிசோதிக்கப்பட்ட பன்னிரண்டு பேரில் பதினொரு பேர் இறந்தனர். நோய் பிணத்திலிருந்து மட்டுமல்ல, உயிருள்ள உடலின் அழுகலிலிருந்தும் வரும் என்று அப்போது அவர் உணர்ந்தார். அன்றுமுதல் வார்டுக்குள் நுழையும்போது மட்டுமல்ல, ஒரு நோயாளிக்கும் அடுத்த நோயாளிக்கும் இடையிலும் கை கழுவ வேண்டும் என்று கட்டளையிட்டார்.

இவ்வளவு தெளிவான ஓர் உண்மையை உலகம் கைதட்டி வரவேற்றிருக்க வேண்டும் அல்லவா? அப்படி நடக்கவில்லை. ஹெப்ரா, ஸ்கோடா, ரோகிடான்ஸ்கி போன்ற பெரிய மருத்துவர்கள் அவருக்கு ஆதரவாக நின்றார்கள். ஆனால் பேராசிரியர் கிளைன் ஏற்கவில்லை. 1849இல் செம்மல்வைஸின் பதவி நீட்டிக்கப்படவில்லை. ஐரோப்பாவின் பெயர்பெற்ற மகப்பேற்று மருத்துவர்கள் பலரும் அவரை மறுத்தனர். மறுத்தவர்கள் எல்லாரும் கெட்டவர்கள் அல்லர். கிருமிகளைப் பற்றி அன்று எவரும் தெளிவாக அறியவில்லை. செம்மல்வைஸும் தம் ஆய்வை உடனே நூலாக எழுதி வெளியிடவில்லை. நண்பர்களே அவருக்காக எழுதினார்கள், பேசினார்கள். ஆயினும் இவை எல்லாவற்றுக்கும் அடியில் இன்னொரு காரணமும் இருந்தது. அவர் சொல்வது சரி என்றால், இதுவரை இறந்த பெண்களின் சாவில் தங்கள் கைகளுக்கும் பங்கு உண்டு என்று ஏற்க வேண்டும். அதை ஏற்பது எளிதா?

ஏற்றுக்கொண்ட ஒருவரின் கதையும் நமக்குத் தெரியும். ஜெர்மனியின் கீல் நகரில் குஸ்தாவ் மிக்கேலிஸ் என்ற மருத்துவர் இருந்தார். வியன்னாச் செய்தியைக் கேட்டதும் தம் மருத்துவமனையில் கை கழுவும் முறையைக் கொண்டுவந்தார், பலனும் கண்டார். ஆனால் தாம் பேறு பார்த்த உறவுப் பெண் ஒருவர் சில காலத்துக்கு முன் இதே காய்ச்சலில் இறந்திருந்தார். அந்தச் சாவு தம் கையால் வந்தது என்ற எண்ணம் அவரை வாட்டியது. 1848இல் அந்தப் பாரத்தைத் தாங்க முடியாமல் தம் உயிரை மாய்த்துக்கொண்டார்.

அன்புக்குரியவர்களே, ஒரே உண்மையின் முன் மூன்று விதமான மனிதர்களை இங்கே பார்க்கிறோம். தம் கை சுத்தமே என்று சாதித்தவர்கள் ஒரு புறம். தம் கை சுத்தமில்லை என்று அறிந்து நம்பிக்கையை இழந்தவர் ஒரு புறம். இவர்களுக்கு நடுவே, தம் கை சுத்தமில்லை என்று அறிந்து, வாசலில் தண்ணீரை வைத்தவர் செம்மல்வைஸ். தம் கைகளும் சாவுக்குக் காரணமாயின என்பதைப் பின்னாளில் தம் நூலில் அவர் ஒளிக்காமல் எழுதினார். எத்தனை பேர் என்ற கணக்கை இறைவனிடம் விட்டுவிட்டு, அடுத்து வரப்போகும் தாயைக் காப்பாற்றுவதில் கவனம் வைத்தார். ஒப்புரவு அருளடையாளத்தில் திருச்சபை நம்மிடம் கேட்பதும் இதுவன்றோ? குற்றத்தை மறைக்கவும் வேண்டாம், அதிலேயே மூழ்கிப்போகவும் வேண்டாம். அறிக்கையிட்டு, திருத்திக்கொண்டு, எழுந்து நட என்பதுதானே!

1850ஆம் ஆண்டு அக்டோபரில் செம்மல்வைஸ் மனம் கசந்து, ஆதரித்த நண்பர்களிடம்கூடச் சொல்லாமல் வியன்னாவை விட்டுப் புறப்பட்டார். டான்யூப் ஆற்றுக்கு அக்கரையில், புடாவுக்கு எதிரே இருந்த பெஸ்ட் நகரில், கொள்ளைநோய்க் காலங்களில் மக்கள் வேண்டிக்கொள்ளும் புனித ரோக் பெயரால் அமைந்த மருத்துவமனையில், 1851இல் ஊதியமில்லாமல் மகப்பேற்றுப் பிரிவின் பொறுப்பை ஏற்றார். 1851 முதல் 1855 வரை அங்கு பிள்ளை பெற்ற 933 பெண்களில் 8 பேர் மட்டுமே பிரசவக் காய்ச்சலால் இறந்தனர். 1855இல் பெஸ்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அங்கே சரியாக வெளுக்காத படுக்கை விரிப்புகளும் நோயைக் கொண்டுவருவதைக் கண்டு, சுத்தமான துணிக்காக நிர்வாகத்தோடு போராடினார். கை மட்டும் போதாது. கருவியும் துணியும் கட்டிலும் சுத்தமாக வேண்டும் என்பது அவருடைய உறுதி. 1857இல் மரியா வைடன்ஹோஃபர் என்பவரை மணந்தார். ஐந்து குழந்தைகள் பிறந்தன. அவர்களில் இருவர் பச்சிளம் பருவத்திலேயே இறந்தனர்.

1861இல் வெளியான அவருடைய பெரிய நூலும் வரவேற்பைப் பெறவில்லை. அவருடைய பொறுமை உடைந்தது. எதிர்த்த பேராசிரியர்களுக்குப் பகிரங்கக் கடிதங்கள் எழுதினார். அவர்களைக் கொலைகாரர்கள் என்றே சாடினார். அந்தக் கோபம் தமக்காக எழுந்த கோபம் அல்ல. தினந்தோறும் வீணாக இறந்துகொண்டிருந்த தாய்மாருக்காக எழுந்தது. ஆனாலும் கடுஞ்சொல் எவரையும் தண்ணீர்ப் பாத்திரத்தின் பக்கம் அழைத்து வரவில்லை. தயங்கி நின்றவர்களையும் விலகிப் போகச் செய்தது. உண்மை நம் பக்கம் இருக்கும்போதுதான் அன்பும் பொறுமையும் நமக்கு அதிகமாகத் தேவைப்படுகின்றன. வீட்டிலும் பங்கிலும் நாம் இதைக் கண்டதில்லையா?

1865ஆம் ஆண்டில் அவருடைய மனநிலை பாதிக்கப்பட்டது. புதிய மருத்துவ நிலையம் ஒன்றைப் பார்க்கப் போகிறோம் என்று சொல்லி, நண்பர் ஹெப்ராவே அவரை வியன்னாவிலிருந்த மனநல விடுதிக்கு அழைத்துச் சென்றார். அங்கே பணியாளர்களின் முரட்டுக் கைகளில் அவர் காயப்பட்டார் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகின்றனர். இரண்டு வாரங்களுக்குள், 1865 ஆகஸ்ட் 13ஆம் நாள், தம் 47ஆம் வயதில் இறந்தார். புண்ணிலிருந்து இரத்தத்தில் நஞ்சு பரவியதே காரணம். எந்த நோயோடு வாழ்நாள் முழுவதும் போராடினாரோ, ஏறக்குறைய அதே நோய் அவரையும் கொண்டுபோயிற்று.

அவர் இறப்பதற்கு முந்தைய நாள், ஆகஸ்ட் 12ஆம் தேதி, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், ஜோசப் லிஸ்டர் என்ற அறுவை மருத்துவர், வண்டி ஏறிக் கால் முறிந்த ஒரு சிறுவனின் புண்ணுக்குக் கார்பாலிக் அமிலத்தில் நனைத்த துணியைக் கட்டினார். புண் சீழ் பிடிக்காமல் ஆறியது. நோய்த்தொற்றைத் தடுக்கும் புதிய அறுவை மருத்துவம் அங்கே தொடங்கியது. 1879இல் பிரான்சு நாட்டின் லூயி பாஸ்டர், பிரசவக் காய்ச்சலை உண்டாக்கும் கிருமியை அடையாளம் காட்டினார். செம்மல்வைஸ் கண்ணால் காணாததை நம்பிக் கழுவச் சொன்னார். காலம் அவர் பக்கம் சாட்சி சொன்னது. அவருடைய உடல் 1891இல் புடாபெஸ்ட்டுக்குக் கொண்டுவரப்பட்டது. பிறந்த வீடு இன்று மருத்துவ வரலாற்று அருங்காட்சியகமாக உள்ளது. 1969 முதல் புடாபெஸ்ட்டின் மருத்துவப் பல்கலைக்கழகம் அவருடைய பெயரைத் தாங்குகிறது. அவருடைய கண்டுபிடிப்பு பற்றிய ஆவணங்களை 2013இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. உலக நலவாழ்வு நிறுவனம் 2009ஆம் ஆண்டிலிருந்து ஒவ்வொரு மே 5ஆம் நாளையும் கைச் சுத்த நாளாகக் கடைப்பிடித்து, மருத்துவப் பணியாளர்களுக்கு அதே பாடத்தை இன்றும் நினைவூட்டி வருகிறது.

இந்த வாழ்வு நமக்கு என்ன சொல்கிறது? முதலாவது, மிக எளிய ஒன்று. நோயாளியைச் சந்திக்கும் முன்னும் பின்னும், பச்சிளம் குழந்தையைத் தூக்கும் முன்னும், சமைக்கும் முன்னும், உண்ணும் முன்னும், கழிப்பறைக்குச் சென்ற பின்னும் கைகளைக் கழுவுவோம். அவசரமாக நனைத்துவிட்டு வருவது கழுவுதல் ஆகாது. சோப்பு போட்டு, விரல் இடுக்குகள், நகக் கண்கள், புறங்கை, கட்டைவிரல் என்று குறைந்தது 20 வினாடிகள் தேய்க்க வேண்டும். அழுக்கு கண்ணுக்குத் தெரிந்தால் கிருமிநாசினித் திரவம் போதாது. சோப்பும் தண்ணீரும் வேண்டும். கையுறை அணிந்திருக்கிறோம் என்பதும் கழுவாமல் இருக்கச் சாக்கு அல்ல. வீடு வீடாகச் சென்று நோயாளிகளுக்கு நற்கருணை வழங்கும் நமக்கும், திருவிழா அசனத்துக்குப் பந்தி பரிமாறும் அன்பர்களுக்கும், படுக்கையில் கிடக்கும் முதியோரைப் பராமரிக்கும் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். அன்போடு செல்கிறோம் என்பதற்காகக் கிருமி நம் கையை விட்டு விலகிவிடாது.

இரண்டாவது, ஒரு துன்பம் தொடரும்போது, காற்றையும் காலத்தையும் பிறரையும் குறை கூறுவதற்கு முன், நம் கைகளையும் ஒரு முறை பார்த்துக்கொள்வோம். குடும்பத்தில் அமைதி இல்லை, பிள்ளைகள் பேசுவதில்லை, அன்பியத்தில் ஒற்றுமை இல்லை என்று வருந்துகிறோம். நாமும் அறியாமல் ஏதேனும் ஒன்றைக் கையோடு சுமந்து வந்து அங்கே சேர்க்கிறோமா? இதைக் கேட்பது வலிக்கும். ஆனால் வியன்னாவில் அந்தக் கேள்வியை ஓர் இளம் மருத்துவர் கேட்ட நாளிலிருந்துதான் தாய்மார்கள் தங்கள் குழந்தைகளோடு உயிருடன் வீடு திரும்பினார்கள். அந்தத் துணிவையும், திருத்திக்கொள்ளும் மனத்தையும், சொல்வதைப் பொறுமையோடு சொல்லும் வரத்தையும் இறைவன் நமக்குத் தருவாராக.